குறை கூறலும் குறை அறிவித்தலும்

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பது நம் முன்னோர் வழங்கிச் சென்ற பழமொழி. கொடுத்தவர் மனம் நோகலாகாது என்னும் நாகரிகம் அதனுள் பொதிந்து கிடக்கிறது. விலை கொடுத்து வாங்கிய பொருளில் பழுது கண்டால் கடைக்காரரிடம் சென்று வழக்காடலாம். விலையின்றி வந்த பொருளில் பழுது கண்டால் வாய் மூடியிருத்தலே பண்பு என்பது அதன் கருத்து. ஆயின், கொடையாக வந்த பொருள் ஒருவருக்கு மட்டும் உரியதாயில்லாமல் உலகோர் அனைவர்க்கும் ஒருசேர வந்ததாயிருந்தால் என் செய்வது? அதில் ஒருவர் கண்ட பழுது ஆயிரமாயிரம் பேரைத் தாக்கக் கூடியதாயிருந்தால், அப்போதும் வாய் மூடியிருத்தல் பண்பாகுமா? அன்றி, கொடுத்தவரைக் கூண்டில் ஏற்றி வினவும் உரிமைதான் நமக்கு உண்டா? இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. நம் வீடுகளில் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் கைப்பேசி இவ்வினாக்களை நாள்தோறும் எழுப்பிக் கொண்டிருக்கிறது.

திறந்து வைத்த கொடை

கணினியையும் கைப்பேசியையும் இயக்குவன மென்பொருள்கள். மென்பொருள் என்பது மனிதர் எழுதிய கட்டளைகளின் கோவை. அக்கோவைக்கு மூலநிரல் என்று பெயர். பல நிறுவனங்கள் மூலநிரலைப் பூட்டி வைத்துக் கொண்டு அதனால் விளையும் பயனை மட்டும் விற்கின்றன. வேறு சிலரோ மூலநிரலை ஊரறியத் திறந்து வைத்து, எவரும் படிக்கலாம், எவரும் பயன்படுத்தலாம், எவரும் திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம் என்று உரிமம் எழுதித் தருகின்றனர். இவற்றைத் திறமூல மென்பொருள்கள் என்று கணித்தமிழார் வழங்குவர். 1991-ஆம் ஆண்டு, பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் இவ்வகையைச் சார்ந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடியில் இருந்து இயங்குவது அந்த லினக்ஸே. ஆகவே, அறிந்தோ அறியாமலோ நம்மில் பெரும்பாலோர் இக்கொடையைத் துய்த்து வருபவர்களே.

இக்கொடை வழக்கம் தோன்றிய வரலாற்றிலேயே ஒரு பழுதின் கதை உண்டு. 1980-ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வுக்கூடத்திற்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கிக் கொள்ளும். பழைய பொறியில் தாள் சிக்கினால், அச்சிட ஏவியவருக்கு உடனே செய்தி போகுமாறு அங்கிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதிய பொறியிலும் அவ்வாறே செய்ய முற்பட்டபோது மூலநிரல் கிடைக்கவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரை நேரில் கண்டு கேட்டும், 'பிறர்க்குத் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்' என்ற விடையே கிடைத்தது. பழுது கண்ணெதிரே இருந்தது. திருத்தும் ஆற்றலும் இருந்தது. திருத்தும் வழி மட்டும் அடைபட்டிருந்தது. 1983-இல் அவர் கட்டற்ற மென்பொருள் முயற்சியைத் தொடங்கியதற்கு இத்தகைய பட்டறிவும் ஒரு காரணம். குறையைக் கண்டவன் அதனைச் சொல்லவும் திருத்தவும் வழி வேண்டும் என்பதே இவ்வியக்கத்தின் வித்து என்று கூறின் மிகையன்று.

மாடும் கிணறும்

இனிப் பழமொழிக்கு வருவோம். தானமாக வந்த மாடு என் தொழுவத்தில் கட்டப்படுவது. அதன் பல் தேய்ந்திருந்தால் இழப்பு எனக்கு மட்டுமே. அவ்விழப்பைப் பொறுத்துக் கொண்டு கொடுத்தவர் மனத்தைக் காப்பது பெருந்தன்மை. ஆனால், ஒருவர் தம் பொருளைச் செலவிட்டு ஊருக்குப் பொதுவாகக் கிணறு வெட்டி விட்டார் என்று கொள்வோம். காலையில் தண்ணீர் இறைக்கச் சென்றவர் கிணற்றின் சுவர் உள்ளே சரிந்திருக்கக் காண்கிறார். 'இலவசக் கிணறுதானே, குறை சொல்வது அழகன்று' என்று அவர் குடத்தைத் தூக்கிக் கொண்டு வேறு கிணற்றுக்குப் போய்விட்டால், அதனை நாகரிகம் என்போமா? பின்னால் வரும் பிள்ளைகளைப் பற்றி அவருக்குக் கவலையில்லை என்றே சொல்வோம். மாட்டின் பல்லைப் பார்ப்பவன் தன் ஆதாயத்தை அளக்கிறான். கிணற்றின் விரிசலைச் சொல்பவன் ஊரைக் காக்கிறான். செயல் ஒன்று போல் தோன்றினும் நோக்கம் வேறு. திறமூல மென்பொருள் மாடு அன்று, கிணறு.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். இம்மென்பொருள்களின் உரிமங்களில், இப்பொருள் எவ்வித உத்தரவாதமுமின்றி வழங்கப்படுகிறது என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே பயன்படுத்துவோர்க்குக் கேட்கும் உரிமை எதுவுமில்லை அன்றோ? உண்மைதான். கேட்கும் உரிமை இல்லை. ஆனால் உரிமை இல்லாத இடத்தில் கடமையும் இல்லை என்று முடிவு கட்டலாகாது. உத்தரவாதமின்மை, கொடுத்தவரை நாம் கட்டாயப்படுத்த முடியாது என்பதை மட்டுமே நிறுவுகிறது. கண்டதைச் சொல்ல வேண்டிய நம் கடமையை அது நீக்கி விடவில்லை. உரிமையின்றிக் கடமை மட்டும் இருக்கும் இந்நிலையே இப்பொருளின் நுட்பம். கேட்பவனாக அன்றி, உழைப்பில் ஒரு பங்கைத் தோளில் ஏற்பவனாகவே அங்கே நாம் செல்ல வேண்டியிருக்கிறது.

நம்மிடையே வழங்கும் 'நஸீஹத்' என்னும் சொல்லை அறிவுரை என்று பொருள் கொள்கிறோம். அரபு அகராதி நூலார் அதன் வேரை ஆராயும்போது, கிழிந்த ஆடையைத் தைத்தல் என்னும் பொருளையும் தருகின்றனர். தையற்காரருக்கு 'நாஸிஹ்' என்றும், ஊசிக்கு 'மின்ஸஹா' என்றும் அம்மொழியில் பெயருண்டு. கிழிசலைச் சுட்டிக் காட்டிச் சிரிப்பவனும் கிழிசலைப் பார்த்தவன்தான். ஊசி நூலோடு வந்து நிற்பவனும் கிழிசலைப் பார்த்தவன்தான். முன்னவன் செய்வது குறை கூறல். பின்னவன் செய்வது குறை அறிவித்தல். இவ்விரண்டிற்கும் உள்ள தொலைவு எத்துணை என்பதை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று நமக்குக் கற்பித்திருக்கிறது.

அரை நொடியின் கதை

எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் ஒரு சிறு மென்பொருள். பெயரளவில் சிறிதே எனினும், லினக்ஸ் இயங்கும் பெரும்பாலான கணினிகளில் அது இடம் பெற்றிருக்கிறது. அதனைப் பல்லாண்டுகளாகப் பேணி வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் என்னும் ஒரு தனி மனிதர். அப்பணிக்கு அவருக்கு ஊதியம் கிடையாது. 2022-ஆம் ஆண்டின் முற்பகுதியில், அதுவரை அறியப்படாத சில பெயர்கள் பொதுவில் அவருக்கு எழுதத் தொடங்கின. திருத்தங்கள் ஏன் இவ்வளவு தாமதமாகின்றன, ஆர்வம் குன்றிவிட்டதென்றால் பொறுப்பை வேறொருவரிடம் ஏன் ஒப்படைக்கலாகாது என்னும் பொருள்பட அவை வற்புறுத்தின. ஆர்வம் குன்றவில்லை என்றும், நெடுநாளைய மனநலச் சிரமங்களால் ஆற்றல்தான் குறைந்திருக்கிறது என்றும், இது ஊதியமற்ற ஓய்வுநேரப் பணி என்பதை நினைவிற் கொள்ள வேண்டும் என்றும் அவர் விடையிறுத்தார். அவ்விடைக்குப் பின்னரும் வற்புறுத்தல் நிற்கவில்லை.

இதே காலத்தில் ஜியா டான் என்னும் பெயருடைய ஒருவர் பொறுமையாகத் திருத்தங்களை எழுதி அனுப்பி வந்தார். அவை பயனுள்ளவையாகவே இருந்தன. சோர்ந்திருந்த மனிதருக்குத் தோள் கொடுக்க வந்த துணைவராக அவர் தோன்றினார். நம்பிக்கை வளர்ந்தது, படிப்படியாகப் பொறுப்பும் அவர் கைக்கு மாறியது. இரண்டாண்டுகளுக்கும் மேலாக இவ்வாறு காத்திருந்த பிறகு, 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான இரு பதிப்புகளில் அப்பெயருடையவர் நஞ்சைக் கலந்தார். குறிப்பிட்ட ஓர் இரகசியத் திறவுகோலை வைத்திருப்பவர், தொலைவிலிருந்தபடியே பிறர் கணினிக்குள் புகுந்து தாம் விரும்பியதைச் செய்யும் கள்ளவழி அது. சோதனைக்காக வைக்கப்பட்ட மாதிரிக் கோப்புகள் போலத் தோன்றியவற்றுள் அது ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. ஜியா டான் யார், ஒருவரா பலரா என்பது உறுதியாக வெளிப்படவில்லை. முன்னர் வற்புறுத்திய பெயர்களும் இதே சூழ்ச்சியின் கைப்பாவைகள் என்றே இதனை ஆராய்ந்தவர் பலரும் கருதுகின்றனர்.

இந்நஞ்சைக் கண்டு பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றும் அவர், போஸ்ட்கிரெஸ் என்னும் திறமூலத் தரவுத்தள மென்பொருளின் ஆக்குநர்களுள் ஒருவர். எக்ஸ்-இசட் அவர் பொறுப்பன்று. கணினிப் பாதுகாப்பும் அவர் துறையன்று. தம் பணிக்காக வேக அளவைகளை எடுத்துக் கொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் செயல் வழக்கத்தை விடச் சற்றே தாமதமாவதை அவர் கவனித்தார். ஏறத்தாழ 0.3 நொடியில் முடிய வேண்டியது 0.8 நொடி எடுத்துக் கொண்டது. அரை நொடிதான் வேறுபாடு. கணினி என்றாலே சில வேளை மெதுவாகத்தான் இருக்கும் என்று அவர் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் எவரும் அவரைப் பழித்திருக்க மாட்டார். அவரோ விடவில்லை. தாமதத்தின் மூலத்தைத் தேடி அடுக்கடுக்காக இறங்கி, கள்ளவழியை வந்தடைந்தார்.

அதன் பிறகு அவர் நடந்து கொண்ட முறை மேலும் கருதத்தக்கது. ஊரைக் கூட்டிக் கூவவில்லை. முதலில் டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டின் பாதுகாப்புக் குழுவினருக்குத் தனிமையில் அறிவித்தார். பின்னர், 2024 மார்ச்சு 29-ஆம் நாள் பொதுவில் அறிவித்தார். அவ்வறிக்கையில் அளவுகள் இருந்தன, பதிப்பு எண்கள் இருந்தன, சான்றான கோப்புகள் இருந்தன. தாம் கண்டது எது, ஊகிப்பது எது, தாம் இத்துறையில் வல்லுநர் அல்லர் என்பது வரை அனைத்தும் பிரித்து எழுதப்பட்டிருந்தன. பெரும்பாலான கணினிகளில் பயன்படும் நிலையான வெளியீடுகளைச் சென்று சேருமுன்பே நஞ்சு தடுத்து நிறுத்தப்பட்டது.

திருடன் அணிந்த உடை

இந்நிகழ்ச்சியை எடுத்துரைப்போர் பெரும்பாலும் அரை நொடியைக் கவனித்தவரின் கூர்மையைப் புகழ்வதோடு நிறுத்திக் கொள்கின்றனர். நாம் வேறொன்றையும் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். 2022-இல் அந்தத் தனி மனிதரை வற்புறுத்திய பொய்ப்பெயர்களைக் கண்டு ஏன் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை? அவை புதிய மொழி எதனையும் பேசவில்லை என்பதே விடை. 'ஏன் இன்னும் முடியவில்லை? எப்போது முடிப்பீர்? முடியாவிட்டால் விலகும்' என்னும் மொழி, விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்துவோர் பலர் நாள்தோறும் இத்தகைய மனிதர்களிடம் பேசும் மொழி. திருடன் வீட்டாரின் உடையை அணிந்து வந்தான். அதனால் நாய் குரைக்கவில்லை. அவனுக்கு அவ்வுடையை நெய்து கொடுத்தவர்கள் யார்? பொறுமையற்ற நல்லவர்களே. கடுஞ்சொல் வழக்கமாகிப் போன இடத்தில் சூழ்ச்சிக்காரனின் கடுஞ்சொல்லைத் தனியே பிரித்தறிய முடியாமற் போனது. கொடுத்தவரிடம் மரியாதையாகப் பேசுவது வெறும் அலங்காரம் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். அம்மரியாதை ஒரு காவலும் ஆகும்.

ஒரே மென்பொருள், அதனை நோக்கி இருவகைச் சொற்கள் சென்றன. ஒருவகை, தளர்ந்தவரின் தோளில் மேலும் ஒரு கல்லை ஏற்றியது. மற்றொரு வகை, பேணுவோர் செய்ய வேண்டிய தேடலைத் தானே செய்து முடித்து, விடையைக் கையில் கொடுத்தது. இதிலிருந்து நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது: நான் சொல்லும் சொல், கேட்பவரின் உழைப்பைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? குறைத்தால் அது குறை அறிவித்தல். கூட்டினால், எவ்வளவு இனிய சொற்களால் எழுதப்பட்டிருந்தாலும், அது குறை கூறல்.

சாட்சியின் ஒழுக்கம்

'நாங்கள் கணினி கற்றவர்கள் அல்லரே, நாங்கள் என்ன அறிவிக்க முடியும்?' என்று நம் இல்லங்களில் கேட்கலாம். வழக்கு மன்றத்தில் சாட்சிக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண்டதைக் கண்டபடி சொன்னால் போதும். சாட்சி நீதிபதியாகித் தீர்ப்புரைக்கத் தொடங்கும்போதுதான் வழக்குக் கெடுகிறது. புட்டி என்னும் பெயர் பெற்ற மென்பொருளை ஆக்கிய ஆங்கிலேயர் சைமன் டேதம், வழுக்களைப் பயனுற அறிவிப்பது எவ்வாறு என்று 1999-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றளவும் படிக்கப்படுகிறது. அதன் சாரமும் இதுவே: நேர்ந்ததை நேர்ந்தபடி சொல்க, காரணம் இன்னதென்று ஊகித்தால் அதனை ஊகமென்றே பிரித்துச் சொல்க. நோயாளி மருத்துவரிடம் சென்று வலி எங்கே, எப்போது, எவ்வாறு என்று சொன்னால் மருத்துவம் நடக்கும். வலியை மறைத்து நோயின் பெயரை மட்டும் தானே சூட்டிக் கொண்டு போனால் மருந்து தவறும்.

ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். 'உங்கள் செயலியில் தமிழ் சரியாக இல்லை' என்று ஒருவர் எழுதுகிறார். அதனைப் பெறுபவர் தமிழறியாதவர். எது சரி, எது தவறு என்று அவர் எங்ஙனம் அறிவார்? மற்றொருவர் எழுதுகிறார்: "'கொ' என்னும் எழுத்தைத் தட்டினேன். கொம்பு ககரத்தின் இடப்புறமும் கால் வலப்புறமும் அமைய வேண்டும். மாறாக இரண்டும் வலப்புறம் வந்து, நடுவே ஒரு புள்ளி வட்டம் தோன்றுகிறது. கைப்பேசி இன்னது, மென்பொருளின் பதிப்பு இன்னது, எழுத்துரு இன்னது. மும்முறை செய்து பார்த்தேன், மும்முறையும் இவ்வாறே. படமும் இணைத்துள்ளேன்." இரண்டாமவர் நிரல் ஒரு வரியும் அறியாதவராக இருக்கலாம். ஆயினும் அம்மென்பொருளை ஆக்கியவர்களுள் அவரும் ஒருவராகி விட்டார் என்பது நம் கருத்து. என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நேர்ந்தது என்னும் மூன்றும் இருந்தால் அறிக்கை முழுமை பெறும். எழுதுமுன், இதே குறையை முன்னரே எவரேனும் அறிவித்திருக்கிறாரா என்று தேடிப் பார்ப்பது நான்காவது ஒழுக்கம். சொன்னதையே நூறு பேர் சொன்னால், திருத்த வேண்டிய நேரம் படிப்பதிலேயே கழிந்து விடும்.

சாட்சியத்தின் மதிப்பு அதன் பின்னே ஒரு கண் உண்மையிலேயே கண்டது என்பதில் இருக்கிறது. கர்ல் என்பது இணையத்தில் தகவல்களைக் கொண்டு வந்து சேர்க்கும் மென்பொருள். சுவீடன் நாட்டு டேனியல் ஸ்டென்பர்க் அதனை 1998 முதல் பேணி வருகிறார். பாதுகாப்புக் குறைகளைக் கண்டு சொல்வோர்க்குப் பணப்பரிசு வழங்கும் திட்டம் ஒன்று அதற்கு 2019 முதல் இருந்தது. அண்மை ஆண்டுகளில், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு எழுதப்பட்ட பொய்யறிக்கைகள் அதன் வாயிலில் குவிந்தன. சொற்கள் செம்மையாக இருந்தன, குறைகள்தாம் இல்லை. ஒவ்வொன்றையும் சோதித்துப் பொய்யென்று நிறுவ, பேணுவோரின் உழைப்பு வீணாயிற்று. 2026 ஜனவரி இறுதியோடு அப்பரிசுத் திட்டம் நிறுத்தப்பட்டது. காணாததைக் கண்டதாகச் சொல்வது பொய்ச்சாட்சி. பொய்ச்சாட்சி பெருகும் ஊரில் மெய்ச்சாட்சிக்கும் கதவு அடைபடுகிறது.

மறைத்தலும் வெளிப்படுத்தலும்

கண்ட குறை பிறர்க்குத் தீங்கு விளைவிக்கத்தக்கதாயின் மேலும் ஒரு சிக்கல் எழுகிறது. பூட்டு உடைந்திருப்பதை வீட்டுக்காரரிடம் சொல்வது கடமை. அதனையே சந்தையில் நின்று சொன்னால், வீட்டுக்காரரின் காதுக்கு எட்டுமுன் திருடனின் காதுக்கு எட்டிவிடும். ஆகவே இத்தகைய குறைகளை முதலில் பேணுவோரிடம் தனிமையில் அறிவிப்பதே இத்துறையின் மரபு. ஆயின், அவர் கேட்டும் கேளாதவராய் இருந்தால்? அவ்வீட்டில் குடியிருக்கும் மற்றவர்களுக்கு உண்மையை அறியும் உரிமை இல்லையா? கூகுள் நிறுவனத்தின் ஆய்வுக் குழு ஒன்று 2014 முதல் இதற்கு 90 நாள் என்னும் தவணையை வகுத்துக் கொண்டது. தவணைக்குள் திருத்தம் வந்தாலும் வராவிட்டாலும் குறை வெளியிடப்படும் என்பது அதன் முறை. நாள் கணக்கில் கருத்து வேறுபாடு இருக்கலாம். பிறர் மானத்தைக் காக்க ஓர் எல்லை வரை மறைப்பதும், பலர் நலத்தைக் காக்க ஓர் எல்லைக்குப் பின் வெளிப்படுத்துவதும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள் என்பதில் வேறுபாடு இருக்க முடியாது.

கேட்பவரின் ஒழுக்கம்

இதுகாறும் சொல்பவரின் ஒழுக்கத்தைக் கண்டோம். கேட்பவருக்கும் ஒழுக்கம் உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் டோனால்ட் நூத், கணித நூல்களை அழகுற அச்சுக் கோப்பதற்கென டெக் என்னும் மென்பொருளை உருவாக்கி, மூலநிரலையும் வெளியிட்டார். தம் நூல்களில் பிழை கண்டு சொல்வோர் ஒவ்வொருவருக்கும் 2.56 டாலர் காசோலை அனுப்புவது 2008 வரை அவர் வழக்கமாயிருந்தது. டெக் மென்பொருளில் வழுக் காண்போர்க்குரிய பரிசையோ ஆண்டுதோறும் இரட்டித்து 327.68 டாலர் வரை உயர்த்தினார். காசோலை பெற்றவர் பலர் அதனைப் பணமாக்காமல் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினர். அம்மென்பொருளில் தாம் செய்த தவறுகள் அனைத்தையும் பட்டியலிட்டு 1989-இல் ஒரு கட்டுரையாகவும் அவர் வெளியிட்டார். தன் பிழையைச் சொன்னவருக்குப் பரிசு தருபவன் பிழையால் சிறுமை அடைவதில்லை. டெபியன் அமைப்பாரும், குறைகளை மறைக்க மாட்டோம், வந்த வழு அறிக்கைகளை எப்போதும் மக்கள் பார்வைக்குத் திறந்தே வைப்போம் என்று 1997-இல் உறுதி எழுதிக் கொண்டனர்.

எனினும், அறிவிக்கப்பட்ட யாவும் திருத்தப்பட்டே ஆக வேண்டும் என்பதில்லை. தமிழிலக்கணத்தில் வழு என்றும் வழுவமைதி என்றும் இரண்டு உண்டு. இலக்கணத்திற்கு மாறாகத் தோன்றினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக் கொள்ளப்படுவது வழுவமைதி. கணினித் துறையில் நேரும் பிழைக்கு 'வழு' என்னும் பழஞ்சொல்லையே தமிழர் எடுத்தாண்டிருப்பது மிகப் பொருத்தம். நாம் வழு என்று கருதியதை, 'இது வழுவமைதி. இன்ன காரணத்தால் இவ்வாறு வைத்திருக்கிறோம்' என்று பேணுவோர் கூறலாம். 'உண்மையான வழுவே, ஆனால் திருத்த இப்போது ஆளில்லை' என்றும் கூறலாம். அறிவிப்பதோடு நம் கடமை நிறைவுறுகிறது. ஏற்பதும் மறுப்பதும் அவர் உரிமை. மறுப்பு நமக்கு ஒவ்வாதாயின், மூலநிரல் திறந்தே கிடக்கிறது. நாமே திருத்திக் கொள்ளலாம். ஊதியமின்றி உழைப்பவரிடம் 'இல்லை' என்று சொல்லும் உரிமையையும் பறித்து விட்டால், அவர் கொடையாளர் அல்லர், அடிமை ஆகி விடுவார்.

பேசாதிருந்தவர்கள்

கடுஞ்சொல்லைக் கண்டித்தோம், மௌனமும் கண்டிக்கத்தக்கதே. இணையத்தில் கடவுச்சொற்களையும் பணப்பரிமாற்றங்களையும் மறைத்துக் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் திறமூல மென்பொருளில், 2012 மார்ச்சில் வெளியான பதிப்போடு ஒரு வழு நுழைந்தது. நினைவகத்திலுள்ள இரகசியங்களைத் தொலைவிலிருப்போர் படித்துக் கொள்ள அது இடம் தந்தது. தன்னார்வலர் ஒருவர் நல்லெண்ணத்தோடு எழுதிய பகுதியில், சரிபார்த்தவர் கண்ணுக்கும் தப்பிய தவறு அது. 2014 ஏப்ரல் 7-ஆம் நாள் அது வெளிப்படுத்தப்பட்டபோது இரண்டாண்டுகள் கடந்திருந்தன. கூகுள் பொறியாளர் ஒருவரும், பின்லாந்து நிறுவனம் ஒன்றின் பொறியாளர்களும் தனித்தனியே அதனைக் கண்டறிந்தனர்.

அப்போதுதான் மற்றோர் உண்மையும் வெளிவந்தது. உலகின் பெரும் நிறுவனங்கள் பலவும் நம்பியிருந்த அம்மென்பொருளுக்கு ஆண்டொன்றுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒருவரே. மூலநிரல் திறந்திருந்தது, எவரும் படித்திருக்கலாம். பிறர் படித்திருப்பார் என்று ஒவ்வொருவரும் எண்ணினர். பொதுக் கிணற்றில் ஆளுக்கொரு குடம் பால் ஊற்றுமாறு அரசன் ஆணையிட, இருளில் அனைவரும் தண்ணீரையே ஊற்றிய கதை நாம் அறிந்ததுதான். இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே பெரு நிறுவனங்கள் சில கூடி, இத்தகைய அடித்தளப் பணிகளுக்கு நிதி வழங்க முன்வந்தன. பங்களிப்பு என்பது நிரல் எழுதுவது மட்டுமன்று. கண்டதைச் சொல்லுதல், விளக்கவுரை எழுதுதல், தம் மொழியில் பெயர்த்தல், பொருள் உடையோர் பொருள் தருதல் அனைத்தும் பங்களிப்பே.

நம் கண்களால் மட்டுமே காணத்தக்கவை

இதில் தமிழும் அரபும் பயின்றோர்க்குத் தனியான ஒரு பங்கு உண்டு. ஹார்ஃப்பஸ் என்பது, திரையில் எழுத்துகளை உரிய வடிவில் இணைத்துக் காட்டும் திறமூல மென்பொருள். ஈரானிற் பிறந்து கனடாவில் வாழும் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதனை முன்னின்று ஆக்கினார். எழுத்தைக் குறிக்கும் 'ஹர்ஃப்' என்னும் சொல்லும், திறந்தது என்னும் பொருளுடைய 'பாஸ்' என்னும் பாரசீகச் சொல்லும் இணைந்ததே அப்பெயர். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் உலாவிகளிலும் அது பணிபுரிகிறது. வலமிருந்து இடமாகக் கைகோத்துச் செல்லும் அரபெழுத்தையும், ககரத்தின் முன்னும் பின்னும் நின்று ஒலிக்கும் தமிழ்க் கொம்பையும் காலையும் ஒரே நிரல்தான் ஒழுங்கு செய்கிறது. எகிப்தியர் காலித் ஹுஸ்னி, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கெய்ரோவின் பூலாக் அச்சகம் பயன்படுத்திய நஸ்கு எழுத்தின் அழகை மீட்டு, அமீரி என்னும் எழுத்துருவாக உலகுக்கு வழங்கியிருக்கிறார். அதுவும் திறமூலக் கொடையே.

இத்தகைய ஆக்கங்களில் ஒரு குறில் குறி இடம் பெயர்ந்து நின்றால், ஒரு கொம்பு தவறிய இடத்தில் முளைத்தால், உலகின் தலைசிறந்த பொறியாளரும் அதனைக் காணார். அவர் கண்ணுக்கு அது வெறும் கோடு. அம்மொழியைப் படிப்பவரின் கண்ணுக்கே அது பிழையாகத் தெரியும். ஆகவே நாம் சொல்லாவிட்டால் சொல்வதற்கு வேறு ஆளில்லை. அச்சு வருமுன் அரபு நூல்களைக் கையால் படியெடுத்த காலத்தில், படியை மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்கும் முகாபலா என்னும் மரபு இருந்தது. விட்டுப் போன சொல்லை ஓரத்தில் எழுதி, 'ஸஹ்ஹ' என்னும் குறியிடுவர். இது சரிபார்க்கப்பட்டது என்பது அதன் பொருள். அக்குறியை இட்டவர் பெயர் பெரும்பாலான ஏடுகளில் இல்லை. ஆயினும் அவர் விட்டுச் சென்ற அவ்வோரக் குறிப்பினால்தான் அதன் பின் வந்த படிகள் செம்மையாயின. படியெடுத்தவரை அவர் ஏசவில்லை. பிழையைக் கண்டும் பக்கத்தைப் புரட்டி விடவுமில்லை.

நம் பிள்ளைகள் கணினிக் கல்வி கற்று வருகின்றனர். அவர்களுக்கு நிரல் எழுதக் கற்பிப்போர் பலர் உளர். பெற்ற கொடையில் பழுது கண்டால் அதனை எவ்வாறு சொல்வது என்பதைக் கற்பிக்க வேண்டியவர்கள் வீட்டிலுள்ள நாமே. அடுத்த முறை திரையில் ஓர் எழுத்துப் பிறழ்ந்து தோன்றினால், 'இது இப்படித்தான்' என்று தள்ளிவிடாமல், பிள்ளையை அருகில் அமர்த்திக் கொள்வோம். என்ன செய்தாய், என்ன எதிர்பார்த்தாய், என்ன நேர்ந்தது என்று கேட்டு, அம்மூன்றையும் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்வோம். எழுதி முடித்ததும், இதனை ஆக்கிப் பேணி வரும் உங்களுக்கு நன்றி என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்வோம். அவ்வொரு வரி எத்தகைய தளர்ந்த தோளைச் சென்று தொடும் என்பதை நாம் அறியோம்.